ஏழரையும் ஒரு டம்ளர் டீயும்

என் மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ குஜராத்தில் இருந்த மாதங்களில் இதே வார்த்தையைத்தான் போனில் தினமும் சொன்னேன். அப்போது சொன்னதில் பாதி பொய். இன்று எழுதுவது முழுக்க உண்மை. அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து மாரியையும் பிள்ளையையும் ஓசூருக்கு அழைத்துப் போகப் போகிறாய். புது வேலை, புது வீடு, சந்தோஷம். போவதற்கு முன்னால் உன் மனைவிக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரிய வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பாதியில் பிடுங்கி அவள் பங்குக்கு ஒரு கதை சொல்வாள். நேரில் சொல்லலாம் என்றால் நீ முதல் வரியிலேயே கோபப்பட்டு எழுந்து போய்விடுவாய். காகிதத்திடம் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. உட்கார்ந்து படி.

மாரிக்கு மூன்றாவது மாதம் நடக்கும்போது கம்பெனி உன்னைப் புது லைன் போட குஜராத்துக்கு அனுப்பியது. அவள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அவள் அப்பாவையும் பார்த்துக்கொண்டு, இவளையும் பார்க்க அவள் அம்மாவால் முடியாது. அதனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்கிற வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, மண்ணூரில் நம் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். மாமியார் மாமனாருடன் இருக்கும் பெண், அவளே வாய் திறந்து கேட்கும் ஜாதி இல்லை. அதனால் நானும் உன் அம்மாவும் கேட்காமலே எல்லாம் செய்தோம். கேட்காமலே செய்ததில்தான் வந்தது வினை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பத்திலேயே ரத்தம் கொஞ்சம் கம்மி என்று சொல்லி, சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எல்லோருக்கும் கொடுப்பதுதான். மாரிக்கு அதன் வாடையே ஆகவில்லை. துரு வாடை அடிக்கிறது என்று வாயில் வைத்த உடனே ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். அப்போது அவள் இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள் இல்லையா. லைனில் நின்றுவிட்டால் நடுவில் நகர முடியாது. மாத்திரை போட, வாந்தி எடுக்க, முகம் கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து டீ பிரேக் ஒன்றுதான். கம்பெனி டீ வெந்நீரில் தூளைக் காட்டிய டீ. ஒரு நாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக ஹைவேஸ் ஓரம் நம் டீக்கடை வாசலில் நின்றவளிடம் சின்ன பிளாஸ்க்கில் இஞ்சி டீ போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் இறங்கி வந்தவள் முகத்தில் சிரிப்பு.

"மாமா, ஒங்க டீயோட முழுங்கினேன். வாந்தியே வரல."

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்த லாரிக்காரன், செக்யூரிட்டி, பேச்சிலர் ரூம் பையன்கள், ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொன்னேன். "டாக்டரு குடுத்த மாத்திரையே நம்ம டீ இருந்தாத்தான்யா எறங்குது!" அடுத்த நாளிலிருந்து பிளாஸ்க் நிறைய, தூள் ஒரு ஸ்பூன் கூடப் போட்டு, நன்றாகக் கொதிக்க வைத்து, வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று ஸ்பெஷலாகக் கொடுத்தேன். லீவு நாளிலும், பின்னால் அவள் வேலையை நிறுத்திய பிறகு தினமும், வீட்டுக்கே கொண்டுபோய், மாத்திரையைக் கையில் வைத்து, அவள் விழுங்கும் வரை நின்று பார்ப்பேன். மாமனார் மருமகளுக்கு இவ்வளவு செய்கிறாரே என்று தெருவே பார்க்க வேண்டும் என்கிற ஆசையும் உள்ளுக்குள் இருந்தது. இல்லை என்று சொன்னால் உன் அம்மா சிரிப்பாள்.

அடுத்த மாதங்களில் மாரி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தாள். இதை நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம் தெரியுமா? உன் அம்மா தினமும் குங்குமப்பூ போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மருமக இப்புடி கலரா ஆய்க்கினா! கொயந்த செவப்பா பொறக்கப் போவுது" என்று சொல்லச் சொல்ல உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் ஆமாம் போட்டேன். வேலைக்குப் போவதை நிறுத்தியதும் வெயில் படாமல் நிறம் வந்திருக்கிறது என்றேன். அது நிறம் இல்லையப்பா. ரத்தம் வற்றுகிற வெளுப்பு. உதட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், யார் பார்த்தோம்.

அரிசி டிரம்மில் கைவிட்டுப் பச்சரிசியாக எடுத்து மென்றுகொண்டே இருப்பாள். உன் அம்மா அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தாள். "அரிசி துன்னா கல்யாணத்தன்னிக்கி மழ பெய்யும்னுவாங்க. ஒனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, இனிமே யாரு கல்யாணத்துக்குடி மழ?" என்று. மாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ரத்தம் குறைந்த உடம்பு இப்படி அரிசி, மண், சாம்பல் என்று கேட்கும் என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரியும். மசக்கை என்று விட்டுவிட்டோம். துணி காயப்போட மாடிக்குப் போகிறவள் பாதிப் படியில் பக்கெட்டோடு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, மூச்சு வாங்குது, எந்திரிச்சுருவேன்" என்பாள்.

ஏழாவது மாதம் தொடங்கும்போது மறுபடி ரத்தம் பார்த்தார்கள். நர்சம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏழரைதான் இருக்கு" என்றார்கள். எனக்கு ஒன்றும் புரிவதற்கு முன்னால் உன் அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ, எங்க வூட்டுக்கா? யாரு ராசிக்கும்மா?" நர்சம்மா முறைத்தார்கள். "சனி இல்லம்மா, ரத்தம். பதினொண்ணுக்கு மேல இருக்கணும். ஏழரை இருக்கு." அப்படியும் உன் அம்மாவுக்கு அந்த வார்த்தை காதைவிட்டுப் போகவில்லை. அந்தச் சனிக்கிழமையே நவக்கிரகத்துக்கு எள் தீபம் போட்டுவிட்டு வந்தாள்.

நர்சம்மா மாரியிடம் கேட்டார்கள், மாத்திரை போடுகிறாயா என்று. போடுகிறேன் என்றாள். "போட்டா ஏறியிருக்கணுமே? வெளிக்குப் போறது கருப்பா போகுதா?" மாரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பக்கத்திலேயே பிளாஸ்க்கோடு நிற்கிறேன். மாமனார் முன்னால் எந்தப் பெண் இதற்குப் பதில் சொல்லும்? தலையைக் குனிந்துகொண்டாள். நர்சம்மா இன்னொரு தடவை கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. "புரியுது. வாங்கிட்டுப் போயி கொல்லையில வீசறீங்க. அப்புறம் பிரசவத்துல ரத்தம் போச்சுன்னா எங்க மேல பழி." அங்கிருந்து நகர்ந்து போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துணைக்கு நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

பிரசவத்தில் ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகமானாலும் இந்த உடம்பு தாங்காது, தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா நேராகப் பின்பக்கம் போய்க் குப்பையைக் கிளறினாள். மாத்திரை ஒன்றுகூட இல்லை, காலி அட்டைதான் இருந்தது. அப்படியும் சந்தேகம் தீராமல், "அட்டைலேர்ந்து கயட்டி எங்கனா போட்டாளோ என்னமோ" என்று என்னிடம் முணுமுணுத்தாள். அது மாரி காதில் விழுந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரவில்லை, குரலும் உயரவில்லை. "நான் போடுதேன் மாமா. நீங்கதான் நின்னு பாக்கியளே" என்றாள். நான் பார்த்தேன்தான். என் கண்ணால் பார்த்தேன். ஆனால் போட்டால் ஏன் ஏறவில்லை என்று எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் கடையில் பால் பொங்கி வழிந்தது, சர்க்கரை போட்ட டீக்கே மறுபடி சர்க்கரை போட்டேன். உனக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தபோது மாரி தடுத்தாள். "அவுக மெசினுக்குள்ள கைய விட்டு வேல பாக்காவ மாமா. மனசு அங்கயும் இங்கயும் ஆடுச்சுன்னா கைக்கு ஆபத்து. சொல்லாதிய." தன் உடம்பு அப்படிக் கிடக்கும்போது அவள் உன் விரலைப் பற்றி நினைத்தாள். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே தனியாக எழுதுகிறேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவே பார்த்தார்கள். சின்ன வயது. உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பச்சைத் திரைதான். உள்ளே டாக்டரம்மா அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள் போல. மாரி குரல் கேட்கவில்லை. ஆனால் உன் அம்மாவின் குரல் உனக்குத் தெரியுமே. "அய்ய, கருப்பாத்தாம்மா போவுதாம்! தாரு கணக்கா கருப்பா போவுதாம்! இத்த சொல்றதுக்கா இம்மாந் நாளு முழிச்சிக்கினு இருந்த?" வரிசையில் இருந்த அத்தனை கர்ப்பிணிகளும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த போஸ்டரைப் படித்தேன்.

டாக்டரம்மா சொன்னது தெளிவாகக் கேட்டது. "அப்படின்னா பொண்ணு ஒழுங்கா மாத்திரை போடுது. கருப்பா போறதுதான் அதுக்கு அடையாளம். பொய் சொல்லல." திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. "எதோட போடுற?"

"மாமா டீயோட."

"அந்த மாமாவைக் கூப்பிடுங்க."

போனேன். கையில் பிளாஸ்க். மருமகளுக்காகச் சூடாகக் கொண்டுபோயிருந்தேன். டாக்டரம்மா பிளாஸ்க்கைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போக விடாது, மாத்திரை அப்படியே மலத்தோடு வெளியே போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் டீ போட்டவன் இல்லையா. "அம்மா, நான் கலப்படத் தூள் வாங்கறவன் இல்லம்மா. சுத்தமான சரக்கு. நல்லா கொதிக்க வச்சி திக்காத்தான் குடுக்கறேன்" என்றேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, கம்பெனி டீ மாதிரி தண்ணியா குடுத்திருந்தா கூட கொஞ்சம் தப்பிச்சிருக்கும். நீங்க நல்ல டீ குடுத்ததுதான் பிரச்சன." உன் அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக என் பக்கம் பேசினாள். "ஆசையாத்தாம்மா குடுத்தாரு" என்றாள். மாரி என்னைப் பார்க்கவே இல்லை, எனக்கு வலிக்குமே என்று.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் வெட்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டதே. எல்லோரும் திட்டித் தீர்த்தார்களே, அந்தப் பெண்ணின் மேல் ஒரு தப்பும் இல்லையே. அதோடு நாட்கள் கம்மியாக இருப்பதால் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், இரும்புச்சத்தை நேராக நரம்பில் ஏற்றிவிடலாம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பக்கத்திலேயே ஒரு சிஸ்டர் நின்று, நாடி பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக டிரிப்ஸில் ஏற்றினார்கள். பாட்டிலைப் பார்த்த மாரி களுக்கென்று சிரித்தாள். மருந்து அடர்ந்த பழுப்பு நிறம், அச்சு அசலாக டிகாக்‌ஷன்.

"மாமா, ஒங்க டீயத்தான் ஏத்துதாவ போலுக்கு."

அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வாரம் ஆயிருந்தது. "பால் கலக்காம குடுக்கறாங்கம்மா, சர்க்கர கம்மி" என்றேன். சிஸ்டரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு சில தடவை ஏற்றினார்கள். உன் அம்மா மன்னிப்பு கேட்கிற ஆள் இல்லை. ஆனால் மத்தியானம் ஆனால் அவளே எலுமிச்சம்பழம் பிழிந்து, மாத்திரையையும் அந்த ஜூஸையும் கொண்டுபோய் மாரி பக்கத்தில் வைப்பாள். புளிப்போடு போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். புளிப்பில் அந்தத் துரு வாடையும் தெரியவில்லையாம். நான் எதைத் தூக்கிக்கொண்டு போவது என்று தெரியாமல் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போவேன். மாரி என் டீயைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியும், பிரசவம் முடியட்டும் மாமா என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

பிரசவத்துக்கு முன்னால் பார்த்தபோது பத்தைத் தாண்டியிருந்தது. உன் அம்மா எள் தீபம் என்றாள், நான் கொய்யாப்பழம் என்றேன், மாரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு டிரிப்ஸ் என்றாள். அரிசி டிரம் பக்கம் போவதை எப்போது நிறுத்தினாள் என்று யாரும் கவனிக்கவில்லை, ஒரு நாள் பார்த்தால் நிறுத்தியிருந்தாள்.

பிரசவத்தன்று நீ வந்துவிட்டாய். நீ பார்த்தது பெண் பிறந்த சந்தோஷம் மட்டும். நீ ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு நண்பர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் சிஸ்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்கள், ரத்தப்போக்கு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது, நிறுத்திவிட்டோம், நல்ல வேளையாக முன்னாலேயே ஏற்றியிருந்தீர்கள், பொண்ணு தாங்கிக்கொண்டது என்று. நான் போய் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். "இன்னாப்பா, பேத்தி பொறந்ததுக்கு இப்படியா அழுவாங்க" என்று நீ வந்து என் தோளைத் தட்டினாய். நான் ஏழரையிலேயே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அழுதேன் என்பது உனக்கு எப்படித் தெரியும்?

சரி, முடிந்தது. இப்போது உன் வேலை ஆரம்பம். பிள்ளை பிறந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று மாரியே கேட்டாள். பால் கொடுக்கிறவளுக்கு மாத்திரை சூடு, பால் வற்றிவிடும் என்று அவள் ஊரிலிருந்து யாரோ போனில் வேறு சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் விடாமல் போட வேண்டும், போன ரத்தத்தை உடம்பு திரும்பச் சேர்க்க வேண்டாமா என்றார்கள். அந்த ஆறு மாதத்தில் பாதிதான் ஆகியிருக்கிறது. மீதி ஓசூரில், உன் பொறுப்பில். கால்சியம் மாத்திரையும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று மத்தியானம் என்றால் இன்னொன்று ராத்திரி. கருப்பாகப் போகிறதே என்று பயப்படாதே, அது நல்ல அடையாளம். மலச்சிக்கல் வந்தால் நிறைய தண்ணீர், கீரை, பழம். அப்படியும் தொந்தரவு என்றால் டாக்டரிடம் போ, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓசூர் போனதும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு.

இன்னொன்று. நீ ஷிப்ட் முடிந்து, ஓ.டி.யும் பார்த்துவிட்டு, களைத்துப்போய் வருவாய். பாத்திரம் கழுவாமல் கிடக்கும், அவள் பிள்ளை பக்கத்தில் படுத்திருப்பாள். "வூட்ல சும்மாத்தான கீற" என்று உன் வாயில் வரும். எனக்கு வந்திருக்கிறது, உன் அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறேன். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார். வெளுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் ஏதாவது கேட்டு அவள் பதில் சொல்லாமல் நின்றால் நீ கொஞ்சம் வெளியே போய் நில். இதை நான் கற்றுக்கொண்டது போதும், நீ புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கடையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஹாஸ்டல் பெண்களோ, கம்பெனிக்குப் போகிற வயிற்றுப்பிள்ளைக்காரிகளோ கையில் சிவப்பு மாத்திரையோடு டீ கேட்டால் கொடுப்பதில்லை. தண்ணீர் கொடுத்து, மாத்திரை போட்டுவிட்டு அப்புறம் வாம்மா என்கிறேன். வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற ஒரே டீக்கடைக்காரன் நான்தான் என்று செக்யூரிட்டி கிண்டல் செய்கிறான்.

நேற்று சாயங்காலம் மாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். மண்ணூரிலிருந்து ஆட்டோவில் வந்து, ஹைவேஸ் ஓரம் இறங்கி, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாளே, அதே இடத்தில் நின்றாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "மாத்திர மத்தியானமே போட்டாச்சு மாமா. ஊருக்குப் போவதுக்கு முன்னால ஒரு டீ குடிக்கணும். இஞ்சி தட்டிப் போடுங்க" என்றாள். பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டேன், முகத்தைக் காட்ட முடியவில்லை. பழைய கணக்கில் தூளைப் போடப் போய், கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினேன். வாங்கியவள் சூடு தாங்காமல் கை மாற்றினாள். "என்ன மாமா இப்புடிச் சுடுது, பாருங்க" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

பார்த்தேன். நல்ல சிவப்பு.

உன் அப்பா